கார்ல் மரியா ஃபான் வெபரின் ஓபராக்களும் அவர் கையாண்ட வாத்தியங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெபர் யார்? ரொமாண்டிக் ஓபரா என்றால் வாக்னரும் வெர்டியும்தானே நினைவுக்கு வருகிறார்கள்?

அவர்கள் இருவரும் 1813இல் பிறந்தவர்கள். வெபர் அவர்களுக்கு ஒரு தலைமுறை மூத்தவர். 1786 நவம்பரில் வட ஜெர்மனியின் ஓய்ட்டின் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஃப்ரான்ஸ் அன்டோன் நாடகக் குழு நடத்தி ஊர் ஊராக அலைந்தவர். மோட்சார்ட்டின் மனைவி கொன்ஸ்டான்ஸா, வெபருக்குப் பெரியப்பா மகள். சால்ஸ்பர்க்கில் மிக்கேல் ஹைடனிடமும் பிறகு வியன்னாவில் அபே ஃபோக்லரிடமும் பயின்றார். 17 வயதில் பிரெஸ்லாவ் நகர நாடக அரங்கின் இசை நடத்துநரானார். பின்னர் பிராகிலும் டிரெஸ்டனிலும் அதே வேலை. காசநோயால் 1826 ஜூன் 5ஆம் தேதி லண்டனில் இறந்தபோது வயது 39.

வாழ்ந்த காலம் குறைவு. மேடையில் நிலைத்த ஓபராக்களும் குறைவு. ஆனாலும் ஜெர்மன் ரொமாண்டிக் ஓபரா அவரிடம்தான் தொடங்குகிறது என்று தயக்கமின்றிச் சொல்வேன். கதையை யார் சொல்வது என்ற கேள்விக்கு அவர் புதிய விடை ஒன்றைக் கண்டார். பாடகர் சொல்லாததை, சொல்ல முடியாததை, ஆர்கெஸ்ட்ராவில் குறிப்பிட்ட ஒரு வாத்தியம், குறிப்பிட்ட ஒரு ஸ்தாயியில் சொல்லிவிடும். இந்தப் பக்கத்தில் வாத்தியங்களைப் பற்றி இவ்வளவு எழுதியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

அவர் எழுதிய ஓபராக்கள் எவை?

சிறுவனாக இருந்தபோதே தொடங்கிவிட்டார். 'காட்டுப் பெண்' என்ற ஓபரா 1800இல் ஃப்ரைபெர்கில் மேடையேறியபோது அவருக்கு வயது 14. 'பீட்டர் ஷ்மோலும் அண்டை வீட்டாரும்' 1803இல் ஆக்ஸ்பர்கில் வந்தது. பிரெஸ்லாவில் தொடங்கிய 'ரூபெட்சால்' முடியவில்லை. 'சில்வானா' 1810இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் மேடையேறியது. அன்றே பிளாஞ்சார் அம்மையார் பலூனில் ஏறிப் பறந்ததால் ஊர் மக்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள். 'அபு ஹசன்' என்ற ஒரே அங்க நகைச்சுவை ஓபரா 1811இல் மியூனிக்கில் வந்தது.

பிறகு வந்தவைதான் பெரிய மூன்று: 'ஃப்ரைஷுட்ஸ்' (பெர்லின், 18 ஜூன் 1821), 'யூரியாந்தே' (வியன்னா, 25 அக்டோபர் 1823), 'ஓபரான்' (லண்டன், 12 ஏப்ரல் 1826). 'மூன்று பிண்டோக்கள்' என்ற நகைச்சுவை ஓபராவைப் பாதியில் விட்டுச் சென்றார். இளம் குஸ்தாவ் மாலர் அதை நிறைவுசெய்து 1888 ஜனவரியில் லைப்சிக்கில் நடத்தினார். இவை தவிர நாடகங்களுக்கு எழுதிய இசையும் உண்டு. அவற்றில் 'ப்ரெசியோசா' இன்றும் கேட்கத் தகுந்தது.

'ஃப்ரைஷுட்ஸ்' கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முப்பதாண்டுப் போர் முடிந்த காலம், பொஹீமியக் காடு. மாக்ஸ் என்ற வேட்டைக்காரன் துப்பாக்கிப் போட்டியில் வென்றால்தான் தலைமைக் காவலர் கூனோவின் மகள் அகாதாவை மணக்க முடியும். சில நாட்களாக அவனுடைய குறி தவறிக்கொண்டே இருக்கிறது. சாமியேல் என்ற இருட்டுச் சக்தியிடம் ஆன்மாவை விற்றுவிட்ட காஸ்பர், தனக்குப் பதிலாக மாக்ஸைப் பலிகொடுக்கத் திட்டமிடுகிறான். நள்ளிரவில் ஓநாய்ப் பள்ளத்தாக்கில் இருவரும் ஏழு மந்திரக் குண்டுகளை வார்க்கிறார்கள். ஆறு குண்டுகள் வைத்த குறியில் பாயும். ஏழாவது சாமியேல் விரும்பும் இடத்துக்குப் போகும். போட்டியன்று அது காஸ்பரையே வீழ்த்துகிறது. ஒரு துறவி வந்து மாக்ஸுக்கு ஓராண்டுச் சோதனைக் காலம் வாங்கித் தருகிறார்.

கதை வசனத்தை எழுதியவர் ஃப்ரீட்ரிக் கிண்ட். பாடல்களுக்கு நடுவே பேச்சு வசனம் வரும் 'சிங்ஷ்பீல்' மரபில் அமைந்தது. கதையாகப் பார்த்தால் எளியதுதான். அதன் உயிர் இசையில் இருக்கிறது.

அந்த ஓபராவில் ஹார்னுக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

காடும் வேட்டையும் என்றால் ஐரோப்பியக் காதுக்கு ஹார்ன்தான். வேட்டைக்காரர்கள் காட்டில் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லப் பயன்படுத்திய கருவி அது. ஆர்கெஸ்ட்ராவுக்குள் வந்த பின்னும் அந்த வாசனை அதை விட்டுப் போகவில்லை.

வெபர் காலத்து ஹார்னில் வால்வு கிடையாது. நம் கோயில் கொம்பைப் போல நீண்ட குழாயும் உதட்டின் அழுத்தமும் மட்டுமே. வளைத்துச் சுற்றிய குழாயின் நீளம் எவ்வளவோ அதற்கேற்ற இயற்கைச் சுரவரிசை மட்டும் எளிதாக வரும். வேறு சுருதி வேண்டுமென்றால் வேறு நீளமுள்ள வளையத்தைச் செருகிக்கொள்ள வேண்டும். இடையில் விடுபட்ட சுரங்களுக்கு, மணி போன்ற வாயினுள் வலக் கையை நுழைத்து அடைத்து ஒலியை மாற்றுவார்கள். அப்படி வரும் சுரம் மங்கலாக, மூக்கால் பேசுவதுபோல ஒலிக்கும்.

'ஃப்ரைஷுட்ஸ்' முன்னிசையின் தொடக்கத்தைக் கேளுங்கள். தந்தி வாத்தியங்களின் சில வரிகளுக்குப் பிறகு நான்கு ஹார்ன்கள் மெதுவான ஒரு பாட்டைப் பாடுகின்றன. ஒரு ஜோடி எஃப் சுருதியிலும் மறு ஜோடி சி சுருதியிலும் அமைந்தவை. ஒரு ஜோடியால் எடுக்க முடியாத சுரத்தை மறு ஜோடி எடுத்துக்கொள்கிறது. பாட்டு இடறாமல் கைமாறுகிறது. கருவியின் குறையே ஒரு உரையாடலாக மாறிவிடுவதை நான் இங்கே கேட்கிறேன். மூன்றாம் அங்கத்தின் புகழ்பெற்ற வேட்டைக்காரர் கோரஸும் இதே ஹார்ன் மொழியில்தான் பேசுகிறது. ஆண்குரல்கள் பாடும் மெட்டே ஹார்ன் எளிதாக ஊதக்கூடிய சுரங்களால் கட்டப்பட்டது.

அப்போது வால்வு ஹார்ன் கண்டுபிடிக்கப்படவில்லையா?

கண்டுபிடித்துவிட்டார்கள். ஹைன்ரிக் ஷ்டோல்செல் 1814 வாக்கில் வால்வு வைத்த ஹார்னைச் செய்தார். அவரும் ஃப்ரீட்ரிக் புளூமெலும் சேர்ந்து 1818இல் பிரஷ்ய அரசின் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் 'ஃப்ரைஷுட்ஸ்' வால்வில்லாத ஹார்னுக்காகவே எழுதப்பட்டது. வாத்தியக்காரர்களிடம் இருந்ததும் அதுதான். வால்வுக் கருவிகள் ஆர்கெஸ்ட்ராவில் பரவலாக நிலைபெற இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இன்றைய வால்வு ஹார்னில் இதே இசை சுத்தமாக, ஒரே நிறத்தில் வந்துவிடும். பழைய கருவியில் திறந்த சுரம் ஒளிரும், அடைத்த சுரம் இருளும். அந்த ஏற்றத்தாழ்வை வெபர் அறிந்தே எழுதினார். ஆகவே பழைய கருவிகளில் வாசிக்கும் ஒரு பதிவையாவது கேட்காமல் இந்த ஓபராவை முழுமையாக அறிந்ததாகாது.

வெபரின் ஹார்ன் கச்சேரி இசையில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல சுரங்களை வாசிப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. தனிக் கருவி ஒன்று ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு கொன்செர்ட்டோ; அதன் சிறிய வடிவம் கொன்செர்ட்டினோ. 1806இல் எழுதி 1815இல் திருத்திய ஹார்ன் 'கொன்செர்ட்டினோ'வில் அப்படி ஓர் இடம் வருகிறது. வாசிப்பவர் ஒரு சுரத்தை ஊதிக்கொண்டே இன்னொரு சுரத்தைத் தொண்டையால் பாட வேண்டும். இரண்டும் குழாய்க்குள் மோதும்போது மூன்றாவது, நான்காவது சுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. பல வாசிப்பாளர்கள் இன்றும் அஞ்சும் இடம் இது.

கிளாரினெட்டுக்கும் வெபருக்கும் என்ன தொடர்பு?

இதற்கு ஒரு மனிதரின் பெயரில் தொடங்க வேண்டும்: ஹைன்ரிக் பேர்மான். மியூனிக் அரசவை ஆர்கெஸ்ட்ராவின் கிளாரினெட் கலைஞர். 1811இல் வெபர் மியூனிக் வந்தபோது இருவரும் நண்பர்களானார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி நடந்த கச்சேரிக்காக வெபர் ஒரு 'கொன்செர்ட்டினோ' எழுதினார். அதைக் கேட்ட பவேரிய மன்னர் மாக்சிமிலியன் உடனே இரண்டு முழு கொன்செர்ட்டோக்களை எழுதச் சொன்னார். எஃப் மைனர், இ ஃபிளாட் மேஜர் ஆகிய அந்த இரண்டும் அதே ஆண்டில் பிறந்தன. ஆர்கெஸ்ட்ராவில் இருந்த மற்றவர்களும் தங்களுக்கும் எழுதித் தரும்படி வெபரைத் துளைத்தெடுத்தார்கள். அவர்களில் கேட்டுப் பெற்றவர், பசூன் என்ற தாழ்ந்த ஒலியுள்ள மரக்குழல் வாத்தியத்தின் கலைஞர் பிராண்ட். இன்று பசூன் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்தக் கொன்செர்ட்டோவைக் கடந்துதான் போகிறார்.

பேர்மானிடம் இருந்தது பெர்லினைச் சேர்ந்த கிரீஸ்லிங் – ஷ்லோட் செய்த பத்துச் சாவிக் கிளாரினெட். ஐந்து அல்லது ஆறு சாவிகளே வழக்கமாக இருந்த காலம் அது. கூடுதல் சாவிகளால் எல்லாச் சுருதிகளிலும் சீராக ஓட முடிந்தது. நாணலைக் கீழுதட்டின்மேல் வைத்து வாசித்ததால் ஒலி மென்மையாக வந்தது. வெபர் இந்த இரண்டையும் பயன்படுத்திக்கொண்டார்: தாவல்கள், விரைந்த ஓட்டங்கள் ஒருபுறம், ஒரே மூச்சில் நீளும் மெல்லிய பாட்டு மறுபுறம்.

முதல் கொன்செர்ட்டோவின் மெதுவான பகுதியில் ஓர் இடம் வருகிறது. முழு ஆர்கெஸ்ட்ராவும் அடங்க, மூன்று ஹார்ன்கள் மட்டும் மிக மெல்லிய ஒலியில் ஒரு துதிப்பாடல் போல நகர்கின்றன; கிளாரினெட் அவற்றோடு பேசுகிறது. ஓபரா எழுதும் கை இது என்று அந்த ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். இவை தவிர பேர்மானுக்காக 'சில்வானா' மெட்டின் மேல் அமைந்த மாற்றங்கள், தந்தி வாத்தியங்களோடு ஐந்து பேர் வாசிக்கும் ஒரு குவின்டெட் ஆகியவையும் எழுதினார். பியானோவோடு சேர்ந்த 'கிராண்ட் டுவோ' 1816இல் முடிந்தது.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: கடைகளில் கிடைக்கும் பல பதிப்புகள் ஹைன்ரிக்கின் மகன் கார்ல் பேர்மான் பின்னர் அலங்காரங்கள் சேர்த்துத் தொகுத்தவை. வெபர் எழுதியது அதைவிட எளிமையானது. மூலத்தை ஒட்டிய பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் ஊர்க் கிளாரினெட்டும் அதே கருவிதானா?

அதே குடும்பம்தான். ஐரோப்பிய பாண்டு வாத்தியங்களோடு தஞ்சை அரசவைப் பக்கம் வந்து, சதிர்க் கச்சேரிகளில் இடம்பிடித்து, பின்னர் ஏ.கே.சி. நடராஜன் கையில் முழுமையான கர்நாடக இசைக் கருவியாக உயர்ந்தது. சங்கீத கலாநிதி விருதும் அவருக்குக் கிடைத்தது. அவருடைய ஆலாபனைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு வெபர் கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியை எதற்காக இப்படி நேசித்தார் என்பதை விளக்கத் தேவையிருக்காது.

ஓநாய்ப் பள்ளத்தாக்குக் காட்சி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? அதில் எந்த வாத்தியங்கள் வருகின்றன?

அந்தக் காலத்து ரசிகர்கள் அதுவரை கேட்டிராத ஒலிகள் இரண்டாம் அங்கத்தின் முடிவில் வரும் இந்தக் காட்சியில் இருந்தன. 1821இலும் அச்சமூட்டியது, இன்று நல்ல அரங்கில் கேட்டாலும் அச்சமூட்டும்.

முதலில் சாமியேலின் அடையாளம். எஃப் ஷார்ப், ஏ, சி, இ ஃபிளாட் என்று சம இடைவெளியில் அடுக்கிய நான்கு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். எங்கே போய் முடியும் என்று காதுக்குத் தெரியாத, கால் ஊன்ற இடமில்லாத ஒலி அது. வயலின்களும் வியோலாக்களும் தாழ்ந்த ஸ்தாயியில் நடுங்குகின்றன. கிளாரினெட்டுகள் தங்கள் அடி ஸ்தாயியில் நீண்டு ஒலிக்கின்றன. டபுள் பாஸைக் கைவிரலால் மீட்டுகிறார்கள். அதனோடு சேர்ந்து டிம்பனி முரசு தாளத்தின் எதிர்ப்பக்கத்தில் மெல்லத் தட்டுகிறது. இவ்வளவுதான். பேரிரைச்சல் எதுவும் இல்லை. இந்த அடையாளத்தை முன்னிசையிலேயே, அந்த அமைதியான ஹார்ன் பாட்டு முடிந்த உடனே, கேட்டுவிடலாம். காட்டின் அழகும் காட்டின் பயங்கரமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

அடுத்தது, காட்சி முழுவதும் நகரும் சுருதிகள். எஃப் ஷார்ப் மைனரில் தொடங்கி அங்கேயே முடிகிறது. நடுவில் அது தங்கும் முக்கிய இடங்கள் சி, இ ஃபிளாட், ஏ. மேலே சொன்ன நான்கு சுரங்கள்தான் இவை. சாமியேலின் கூட்டொலியையே விரித்து ஒரு முழுக் காட்சிக்கு அடித்தளமாகப் போட்டிருக்கிறார். காதால் எண்ணிப் பிடிக்க முடியாவிட்டாலும் அந்தப் பிடிமானமின்மையை உடம்பு உணர்கிறது.

மூன்றாவதாக, யார் பாடுகிறார்கள், யார் பாடவில்லை என்பது. சாமியேல் பாடுவதே இல்லை, பேசுகிறான். கண்ணுக்குத் தெரியாத ஆவிகளின் கோரஸ் ஏறக்குறைய ஒரே சுரத்தில் முனகுகிறது. காஸ்பர் சாமியேலை அழைக்கும்போது பாட்டைவிட்டுப் பேச்சுக்குள் இறங்குகிறான். மாக்ஸ் மட்டும் பாடிக்கொண்டே பள்ளத்தாக்குக்குள் வருகிறான், இன்னும் மனிதனாக இருப்பதால்.

பிறகு குண்டு வார்க்கும் பகுதி. காஸ்பர் எண்ணுகிறான், ஒவ்வொரு எண்ணையும் எதிரொலி திருப்பிச் சொல்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் இசை மாறுகிறது: பறவைகள், காட்டுப்பன்றி, புயல், தீச்சக்கரங்கள். ஐந்தாவது குண்டின்போது வானத்தில் பேய் வேட்டை பாய்கிறது. அங்கே மீண்டும் ஹார்ன்கள் வருகின்றன. முன்னிசையில் காலைக் காட்டைப் பாடிய அதே ஹார்ன்கள், இங்கே முரண்பட்ட சுரங்களில் அலறுகின்றன. இந்த ஒரு மாற்றத்துக்காகவே வெபரைப் பெரும் கலைஞர் என்பேன். நல்லதற்கு ஒரு கருவி, கெட்டதற்கு ஒரு கருவி என்று அவர் பிரிக்கவில்லை. வேட்டைக்காரனின் கருவியே வேட்டையாடப்படுபவனின் காதிலும் விழுகிறது.

யோஹான் கிறிஸ்டியன் லோபே என்ற இசைஞர் பின்னர் பதிவுசெய்த ஓர் உரையாடலில், வேட்டை வாழ்வுக்கு ஹார்ன் நிறத்தையும் இருட்டுச் சக்திகளுக்குத் தந்திகள், கிளாரினெட், பசூன், டிம்பனி ஆகியவற்றின் தாழ்ந்த நிறங்களையும் தேர்ந்ததாக வெபர் விளக்குகிறார். அது வெபரின் சொற்கள்தானா என்று ஆய்வாளர்கள் விவாதிப்பதுண்டு. எப்படியிருந்தாலும் இசையே அதற்குச் சாட்சி.

மற்ற வாத்தியங்களுக்கு 'ஃப்ரைஷுட்ஸ்'இல் தனி இடங்கள் உண்டா?

நிறைய உண்டு. முதல் அங்கத்தில் காஸ்பர் பாடும் குடிப்பாட்டில் பிக்கலோ என்ற சிறு புல்லாங்குழல்கள் மேலே கீச்சிடுகின்றன; சிரிப்புக்குப் பின்னால் விஷம் இருப்பது அதில் தெரிந்துவிடுகிறது. மூன்றாம் அங்கத்தில் அகாதா தனியே பிரார்த்திக்கும் பாட்டுக்குத் துணை ஒரு தனிச் செல்லோ. அதே அங்கத்தில் தோழி ஆன்ஹன் பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்தும் பாட்டுக்கு ஒரு தனி வியோலா. பெர்லினில் ஆன்ஹனாக நடித்த யோஹன்னா ஆய்னிக்கேவுக்காக அரங்கேற்றத்துக்குச் சற்று முன் சேர்த்தது இது. வியோலா தனித்துப் பேசும் இடங்கள் ஓபராவில் அரிது. வியோலாக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் போற்றி வைத்திருக்கிறார்கள்.

அரங்கேற்றம் எப்படி நடந்தது?

1821 ஜூன் 18, வாட்டர்லூ போரின் ஆண்டு நாள். கட்டடக் கலைஞர் ஷிங்கெல் புதிதாகக் கட்டிய பெர்லின் அரங்கு. அரண்மனை ஓபராவில் இத்தாலிய இசையமைப்பாளர் ஸ்பொன்டினி பெரும் செலவில் நடத்திய 'ஒலிம்பி' ஒரு மாதம் முன்புதான் வந்திருந்தது. ஊர் முழுக்க இரண்டையும் ஒப்பிட்டுப் பேச்சு. ரசிகர்களிடையே, பின்னாளில் பெரும் இசையமைப்பாளரான 12 வயது மெண்டல்சோனும் இருந்தான். வெற்றி அன்றிரவே உறுதியானது. மறு ஆண்டு பெர்லினிலிருந்து எழுதிய கவிஞர் ஹைன், ஓபராவின் மணமகள் மாலைப் பாட்டை நகரில் காலை முதல் இரவு வரை எவர் வாயிலும் கேட்டுத் தாங்க முடியவில்லை என்று எழுதினார்.

கிதார் ஓபராவில் வருமா?

வெபரிடம் வரும். அவர் நன்றாகக் கிதார் வாசிப்பார். பிரெஸ்லாவில் இருந்தபோது, மது என்று எண்ணித் தந்தையின் அச்சு வேலைக்கான அமிலத்தைக் குடித்துவிட்டதில் அவருடைய பாட்டுக்குரல் கெட்டுப்போனது. ஆயினும் நண்பர்கள் கூடும் இடங்களில் கிதாரை மடியில் வைத்துத் தம் பாடல்களைப் பாடுவார். கிதார் துணையோடு எழுதிய பாடல்கள் பல. 'அபு ஹசன்' ஓபராவில் இரண்டு கிதார்கள் வருகின்றன. கிதாருக்கும் பியானோவுக்குமாக ஒரு 'டைவர்டிமென்டோ'வும் உண்டு.

வழக்கத்தில் இல்லாத கருவிகளையும் பயன்படுத்தினாராமே?

ஆம், சிறுவயது முதலே. 'பீட்டர் ஷ்மோல்' எழுதிய காலத்தில் ஓர் இசைப் பத்திரிகைக் கட்டுரையைப் படித்து, மறந்துபோன பழைய கருவிகளை மீட்க வேண்டும் என்று தோன்றியதாக அவரே குறித்திருக்கிறார். அதனால் அந்த ஓபராவில், அப்போதே வழக்கொழிந்திருந்த ரெக்கார்டர் என்ற நேர்க்குழல்களும், கிளாரினெட் குடும்பத்தைச் சேர்ந்த பாசெட் ஹார்ன்களும் வருகின்றன. பதினான்கு, பதினைந்து வயதுப் பையனுக்கு ஒலியின் நிறத்தில் இவ்வளவு பசி.

1811இல் 'ஹார்மோனிகார்ட்' என்ற கருவிக்கும் எழுதினார். பார்க்க நிமிர்ந்த பியானோ போல இருக்கும். ஆனால் சுத்தியல் அடிக்காது. பிசின் பூசிய உருளை சுழன்று தந்திகளை உரச, ஒலி நீண்டு வரும். அதை உருவாக்கிய காவ்ஃப்மான் குடும்பத்துக்காக எழுதிய மெதுவான ஒரு பகுதியும் ரொண்டோவும் இன்று பெரும்பாலும் வேறு கருவிகளில்தான் கேட்கக் கிடைக்கின்றன.

'சில்வானா'வின் கதாநாயகி பாடுவதில்லை என்பது சரியா?

சரி. காட்டில் வளர்ந்த அந்தப் பெண் ஓபராவின் பெரும்பகுதியில் ஊமை. மற்றவர்கள் கேள்வி கேட்கிறார்கள். அவள் உடலால் பதில் சொல்கிறாள். ஆர்கெஸ்ட்ராவின் தனி வாத்தியங்கள் அவள் மனத்தைப் பாடுகின்றன. பின்னாளில் பள்ளத்தாக்குக் காட்சியை எழுதப்போகும் கைக்கு இது முதல் பயிற்சி. முதல் மேடையேற்றத்தில் சில்வானாவாக நடித்தவர் கரோலினா பிராண்ட். 1817இல் வெபர் மணந்தது அவரைத்தான்.

வெபர் பியானோ கலைஞரும் அல்லவா?

அவர் காலத்தின் சிறந்த பியானோ கலைஞர்களில் ஒருவர். விரல்கள் மிக நீளம். சாதாரணக் கைக்கு எட்டாத அகன்ற கூட்டொலிகளை இடக்கையில் எழுதிவிடுவார். 1813இல் வியன்னாவில் யோசஃப் பிரோட்மானிடம் ஒரு பியானோ வாங்கினார். அந்தப் பட்டறையில் தொழில் பயின்ற இக்னாஸ் போசன்டோர்ஃபர்தான் பின்னர் தம் பெயரில் புகழ்பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வெபரின் பிரோட்மான் இப்போது பெர்லின் இசைக்கருவி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான்கு சொனாட்டாக்கள் உண்டு. ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது 1819இல் எழுதிய 'நடனத்துக்கு அழைப்பு'. ஆடவன் அழைக்கிறான், பெண் தயங்குகிறாள், பேசுகிறார்கள், ஆடுகிறார்கள், நன்றி சொல்லிப் பிரிகிறார்கள். முடிந்துவிட்டதென்று நினைத்து நடுவில் கைதட்டும் ரசிகர்கள் இன்றும் உண்டு. அமைதியான முடிவுப்பகுதிக்குக் காத்திருங்கள். 1841இல் பாரிஸ் ஓபராவுக்காக பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் இதை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார். பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த 'கொன்செர்ட்ஷ்டுக்' இன்னொரு அருமையான படைப்பு. அதை முடித்தது 'ஃப்ரைஷுட்ஸ்' அரங்கேற்ற நாளின் காலையில். மனைவிக்கும் மாணவர் பெனடிக்டுக்கும் வாசித்துக் காட்டிவிட்டு அரங்குக்குப் போனார்.

இசை நடத்துநராக அவர் என்ன மாற்றினார்?

ஆர்கெஸ்ட்ராவின் முன் நின்று கோலாலோ காகிதச் சுருளாலோ நடத்துவது அப்போது பரவத் தொடங்கிய வழக்கம். டிரெஸ்டனில் அதை ஊன்றியவர் வெபர். வாத்தியக்காரர்களின் இருக்கைகளையும் மாற்றியமைத்தார். ஒலி கலக்கும் விதம் அவருக்கு அவ்வளவு முக்கியம். ஒத்திகை முறை, காட்சி அமைப்பு, விளக்கு எல்லாவற்றிலும் தலையிட்டார். மொர்லாக்கியின் இத்தாலிய ஓபராவுக்கு இருந்த அரசவைச் செல்வாக்குக்கு எதிராகத் தம் ஜெர்மன் ஓபரா துறையைக் கட்டி எழுப்பியதால் எதிர்ப்பும் ஓயவில்லை.

'யூரியாந்தே' ஏன் அரிதாகவே மேடையேறுகிறது?

ஹெல்மினா ஃபான் ஷேசி எழுதிய கதை வசனம் குழப்பமானது; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இசை, வெபர் எழுதியவற்றிலேயே துணிச்சலானது என்பது என் உறுதியான கருத்து. பேச்சு வசனம் கிடையாது. ஆரம்பம் முதல் முடிவு வரை இசை. முன்னிசையின் நடுவில் எல்லாம் நின்று, ஒலியடக்கி பொருத்திய எட்டுத் தனி வயலின்கள் மட்டும் ஒரு வினோதமான மெல்லிய இசையை வாசிக்கின்றன. அது எம்மா என்ற இறந்த பெண்ணின் ஆவி. வாக்னரின் 'லோஹென்கிரின்' முன்னிசையில் வயலின்கள் பிரிந்து ஒலிப்பதைக் கேட்டவர்கள் அதன் வேரை இங்கே காணலாம்.

'ஓபரான்' ஆங்கிலத்தில் எழுதப்பட்டதா?

ஆம். கோவென்ட் கார்டன் அரங்குக்காக, பிளாஞ்சே எழுதிய ஆங்கில வசனத்துக்கு. நோய் முற்றியிருந்தும் குடும்பத்துக்குப் பணம் வேண்டும் என்பதற்காக ஒப்புக்கொண்டார். அதற்காகவே ஆங்கிலம் கற்றார். முதல் பன்னிரண்டு காட்சிகளையும் அவரே நடத்தினார்.

முன்னிசை ஒரு தனி ஹார்னின் மூன்று ஏறும் சுரங்களோடு தொடங்குகிறது. அது கதையில் வரும் மந்திரக் கொம்பு. ஒலியடக்கிய தந்திகள் பதில் சொல்கின்றன. பிறகு புல்லாங்குழல்களும் கிளாரினெட்டுகளும் தேவதைகளைப் போல ஒரு நொடி மின்னி மறைகின்றன. மூன்று சுரத்தில் ஒரு உலகைத் திறந்துகாட்டிவிடுகிறார். கீழை நாட்டுக் காட்சிகளுக்கு, பயணி கார்ஸ்டென் நீபூர் பதிவுசெய்த ஓர் அரபு மெட்டையும் லபோர்டின் நூலில் இருந்த துருக்கிய நடனத்தையும் எடுத்துக்கொண்டார். 1809இல் ஷில்லரின் 'டூரன்டோட்' நாடகத்துக்கு எழுதியபோது ரூசோவின் இசை அகராதியில் இருந்த சீன மெட்டைப் பயன்படுத்தியிருந்தார். ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித் 1943இல் அதை எடுத்துப் பெரிதாக்கினார்.

பின்னால் வந்தவர்களிடம் அவருடைய தாக்கம் எங்கே தெரிகிறது?

பெர்லியோஸ் தம் ஆர்கெஸ்ட்ரா நூலில் 'ஃப்ரைஷுட்ஸ்' முன்னிசையின் கிளாரினெட்டை மனமுருகிப் புகழ்கிறார். நடுங்கும் தந்திகளுக்கு மேலே அந்த ஒற்றைக் குரல் எழும் இடத்தை ஒருமுறை கேட்டால் காரணம் புரியும். வாக்னர் சிறுவயதில் டிரெஸ்டனில் வெபரைப் பார்த்து வளர்ந்தவர். லண்டனில் அடக்கம் செய்திருந்த வெபரின் உடல் 1844இல் டிரெஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டபோது, 'யூரியாந்தே' மெட்டுகளை வைத்து ஊது வாத்தியங்களுக்கான அஞ்சலி இசை எழுதியவரும், கல்லறையில் உரை ஆற்றியவரும் வாக்னரே. 1945 குண்டுவீச்சில் அழிந்த டிரெஸ்டன் ஓபரா அரங்கம் மீண்டும் கட்டப்பட்டு 1985 பிப்ரவரி 13 அன்று திறந்தபோது நடந்தது 'ஃப்ரைஷுட்ஸ்'.

எங்கே தொடங்கிக் கேட்பது?

முதலில் 'ஃப்ரைஷுட்ஸ்', 'ஓபரான்' முன்னிசைகள். அடுத்து முதல் கிளாரினெட் கொன்செர்ட்டோ. பிறகு முழு 'ஃப்ரைஷுட்ஸ்'. கார்லோஸ் கிளைபர் டிரெஸ்டன் ஆர்கெஸ்ட்ராவோடு 1973இல் பதிவுசெய்தது ஒரு தலைமுறையின் காதையே மாற்றியது. 'யூரியாந்தே'வுக்கு ஜெஸ்ஸி நார்மன் பாடிய யானோவ்ஸ்கியின் பதிவு. 'ஓபரான்' ஓபராவை ஆங்கிலத்திலும் பழைய கருவிகளிலும் கேட்க ஜான் எலியட் கார்டினரின் பதிவு உண்டு. வால்வில்லாத ஹார்னின் நிறத்தை அதில் தெளிவாக உணரலாம்.

படைப்புகளின் பெயருக்குப் பின்னால் வரும் 'ஜே' எண் என்ன?

ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் யேன்ஸ் 1871இல் வெபரின் படைப்புகளைக் கால வரிசையில் தொகுத்துக் கொடுத்த எண் அது. பதிப்பாளர்கள் இட்ட ஓபஸ் எண்கள் எழுதிய வரிசையைக் காட்டுவதில்லை. பதிவுகளையும் பதிப்புகளையும் தேடும்போது 'ஜே' எண்ணை வைத்துத் தேடினால் குழப்பம் வராது.